மஞ்சள் படிந்த சம்மதம்

7

மூன்றாவது வளைவிலேயே ஜோசப்பினின் இடது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. உள்ளே யாரோ குறடு வைத்துத் திருகுவது போல வலி. தேயிலைச் செடி ஒன்றின் தலையில் கையை ஊன்றி நின்றாள். மேல் டிவிசன் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இன்னும் அரை மைல் ஏற்றத்தில் இருந்தன.

"அக்கா, நான் வேணா தூக்கிக்கிட்டுப் போகவா? கொழுந்துக் கூடையில உக்கார வச்சு?" என்றான் வினோஜன்.

"ஆட்டோவ மேல ஏத்தத் துப்பில்ல. வாய் மட்டும் ஏறுது."

"ரோட்டைத்தான் கல்லுக் கம்பனி லொறி தின்னுருச்சே. என் ஆட்டோவுக்கு மூணு சில்லு இருக்கு. றெக்கை இல்ல."

ஜோசப்பின் இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் தமிழையும் சிங்களத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னவள். அவ்வளவு பொய்யையும் இரண்டு மொழியிலும் சொல்லிச் சலித்த பிறகு வேலையை விட்டாள். ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினாள். வினோஜன் அவளுடைய உதவியாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், சொந்த ஆட்டோ. அவன் வாய்க்குப் பயந்து யாரும் அவனை ஹயருக்குக் கூப்பிடுவதில்லை என்பதால் அவளுக்கு எப்போதும் ஓய்வாகக் கிடைப்பான்.

இப்போது மணி எட்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு நகரத்துச் செயலகத்தில் விசாரணை.

டன்பெரி தோட்டத்து மேல் டிவிசனில் லயங்களுக்கு நேர் பின்னால் ஒரு பெரிய கரும்பாறை. அதை வெடி வைத்து உடைத்து விற்க ஒரு கம்பனி வந்திருந்தது. பலகையில் அதன் பெயர் ஒரு முழ நீளத்துக்கு இங்கிலீசில் இருக்கும். ஆட்கள் கல்லுக் கம்பனி என்றார்கள். பாறை உடைந்தால் லயங்கள் நிற்காது. குடும்பங்களைக் கீழே தகரக் கொட்டகைக்கு அனுப்புவதாகத் திட்டம். ஐந்து தலைமுறையாக அங்கே இருந்தும் ஒரு பேர்ச் மண் அவர்கள் பெயரில் கிடையாது. அனுமதிக்கு மக்களின் சம்மதம் வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அவர்கள் கையில் மிச்சமிருந்தது 'வேண்டாம்' என்ற ஒரு சொல்தான். அதையும் யாரோ களவெடுத்துவிட்டார்கள்.

கம்பனி செயலகத்துக்குக் கொடுத்த சம்மதப் பத்திரத்தில் இரண்டு தாள். முதல் தாளில் வாசகம்: மார்ச் இருபதாம் திகதி காலை பத்து மணிக்கு, ஓடைக்கு அக்கரையிலுள்ள கம்பனி அலுவலகத்தில் கூடி, விளக்கம் கேட்டு, முழு மனதோடு சம்மதிக்கிறோம். இரண்டாம் தாளில் அறுபத்தொரு பெயர், அறுபத்தொரு கையெழுத்து.

மூன்று நாளாக ஜோசப்பின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் சொன்னது ஒரே பதில். கையெழுத்து என்னுதுதான். ஆனா கல்லுக் கம்பனிக்கு நான் போடல.

விஷயம் வெளியே வந்து பதினொரு நாள். அதற்குள் தோட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சங்கத் தலைவர் வீரய்யாதான் ஆட்களை விற்றுவிட்டார். அவர் வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அவர் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. "அண்ணன் அப்படிச் செஞ்சிருக்க மாட்டார் மிஸ், நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று ஹட்டன் வரை வந்து அழுதவள் கொழுந்தெடுக்கும் மீனம்மா ஒருத்திதான். கட்டணமாக ஒரு பை லீக்ஸ் காய்கறி கொண்டு வந்திருந்தாள்.

முதல் லயத்து வாசலில் வினோஜன் நின்றான். ஒரு வீட்டு நிலையில் திரைச்சீலைக்குப் பதில் மடிப்புக் கலையாத புதுச் சேலை தொங்கியது. மஞ்சள் உடம்பு, பச்சைக் கரை.

"அக்கா, இது சின்னராசா வீடுதானே? கல்யாணம் ஆகாத ஆளு. சேலை வந்திருச்சு, பொண்ணு பின்னால வருதாக்கும்?"

சின்னராசா உள்ளே இருந்து பல் விளக்கிக்கொண்டே வந்தான். நாற்பது வயசு, மலை போன்ற தோள். "போங்கண்ணே, நீங்க வேற. திருவிழாவுல யாரோ உபயம். பால்குடம் எடுக்கிற பொம்பளைங்களுக்குக் குடுத்தாங்க. நான் காவடி. எனக்கும் ஒண்ணு வந்துச்சு."

"காவடிக்குச் சேலையா?"

"மூணு காவடிக்கும் சேலைதான். பேர் வாசிச்சாங்க, போய் வாங்கிக்கிட்டோம். அம்மன் காரியம், வேணாம்னு சொல்ல முடியுமா? வேட்டியா மாத்திக் குடுங்கன்னு யாருகிட்ட கேக்குறது?"

வினோஜன் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. ஜோசப்பின் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து போட்டோ கொப்பியை எடுத்தாள். ஐம்பத்தெட்டுப் பெண்கள். மூன்று ஆண்கள். எட்டாவது பெயர் சின்னராசா.

"வினோஜன், லயத்தை உடைக்கிறதா வேணாமான்னு ஒரு கூட்டம் போட்டா ஆம்பளைங்க மூணே பேரா வருவாங்க?"

"அவங்கதான் மொதல்ல வந்து கடைசி வரைக்கும் கத்துவாங்க."

"அப்போ இது கூட்டமில்ல."

வீரய்யா வீட்டுக் கதவில் சாணி அடித்துக் காய்ந்திருந்தது. அவர் அதைக் கழுவவில்லை. கழுவத் தண்ணீரும் இல்லை. அறுபது வயது மனிதர், பதினொரு நாளில் எழுபது ஆகியிருந்தார்.

"வாங்கம்மா. தேத்தண்ணி குடுக்கக் கூட வழியில்ல, மன்னிச்சிருங்க."

"அண்ணே, இந்த லிஸ்டுல அஞ்சாம் லயத்து ஆளு ஒருத்தரும் இல்ல. ஏன்?"

"அவங்க எல்லாம் பங்காளிங்க. மார்ச் பத்தாந் திகதி அங்க ஒரு சாவு. பதினாறு நாளுக்குத் தீட்டு."

"தீட்டுன்னா எதுக்கு வர மாட்டாங்க? வேலைக்கா?"

"வேலைக்கு வருவாங்க. கடைக்குப் போவாங்க. கோயிலுக்குத்தான்…" வீரய்யா பாதியில் நின்றார். அவர் முகம் மெல்லச் சுருங்கியது. ஜோசப்பின் தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் அதை இதுவரை பார்த்ததேயில்லை. அவரிடம் காட்ட யாரும் நினைக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு எதற்குச் சாட்சி?

"இது என் எழுத்து. பேரெல்லாம் நான் எழுதினது. இது பால்குட லிஸ்டும்மா. மார்ச் பதினேழு, காப்புக் கட்டின அன்னைக்கு எழுதினேன். போன வருசம் பேர் குடுத்துட்டு நெறையப் பேர் வரல, குடம் மிஞ்சிப் போச்சு. அதனால இந்த வருசம் காப்பைக் கட்டின கையோட எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கினோம். மொதத் தாள்ல 'பால்குடம், காவடி எடுப்போர்'னு தலைப்பு. ரெண்டாவதுல வெறும் பேரு."

"மொதத் தாளக் கழட்டிட்டு வேற தாள் போட்டா?"

வீரய்யா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

வினோஜன் விரலை மடக்கினான். "அக்கா, நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்குத் தெரியாது. காப்புக் கட்டிட்டா தேர் சுத்தி முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. நான் ஒரு வருசம் கட்டிட்டு எட்டு நாள் ஹயர் ஓடாமக் கிடந்தேன், எம் பொஞ்சாதி சாமியையே திட்டினா. இந்தத் தோட்டத்து எல்லை அந்த ஓடைதான். மார்ச் இருபதாந் திகதி அறுபத்தொரு பேரும் கையில காப்போட இருக்காங்க. ஓடையத் தாண்டி எப்படிக் கம்பனி ஆபிசுக்குப் போவாங்க?"

"இப்பத்தான்டா நீ வாயத் தொறந்ததுக்கு ஒரு பிரயோசனம்" என்றாள் ஜோசப்பின்.

"ஆனா லிஸ்டு?" அவள் வீரய்யாவைப் பார்த்தாள். "அத யாருகிட்ட குடுத்தீங்கண்ணே?"

"கோயில் சுவத்துல ஒட்டினேன். ரெண்டு நாள்ல காணோம். காத்துல போயிருச்சுன்னு நெனச்சேன்." கையைப் பிசைந்தார். "எழுதினது நான், ஒட்டினது நான். இதச் சொன்னா இன்னும் உறுதியா நான்தான்னு சொல்லுவாங்க, இல்லீங்களா?"

ஆமாம் என்று சொல்ல ஜோசப்பினுக்கு மனம் வரவில்லை. தாளை வாங்கிக் கைப்பையில் வைத்தாள்.

செயலகத்தில் பதினொன்றரை மணி. கவுன்டரில் இருந்த ஷிராணி கோர்ட் காலத்துச் சிநேகிதி. அசல் பத்திரத்தைப் பார்க்கப் பொதுமக்களுக்கு உரிமை இருக்கிறது என்பதையும், அதை யாரும் கேட்டதில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு கோப்பை எடுத்து வைத்தாள்.

போட்டோ கொப்பியில் இடது ஓரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. மெஷின் அழுக்கு என்று மூன்று நாளாக வினோஜன் சொல்லிக்கொண்டிருந்தான். அசலில் அந்தத் திட்டுகள் மஞ்சள். எழுதும்போது தாள் நகராமல் இடது பெருவிரலால் அழுத்திப் பிடித்த தடங்கள்.

"கொழுந்தெடுக்கிற கையில கறை கறுப்பா இருக்கும்" என்றாள் ஜோசப்பின். "இது மஞ்சள்ல முக்கின காப்புக் கயித்தைத் தொட்ட கை."

விசாரணை நடத்தவிருந்த உதவிச் செயலாளர் கெட்டவர் இல்லை. முழுதாகக் கேட்டார். காப்பு, தீட்டு, ஓடை, மஞ்சள் எல்லாவற்றையும் ஜோசப்பின் சிங்களத்தில் வரிசையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோனா சொல்றது நல்லா இருக்கு. ஆனா பருப்புக் கறியும் மஞ்சள்தான். சாப்பிட்ட கையோட போட்டாங்கன்னு கம்பனி லோயர் சொல்லுவார். ஓடையைத் தாண்ட மாட்டோம்னு சாமிக்குச் சத்தியம் இருக்கலாம், என் பைல்ல அதுக்கு இடமில்ல. எனக்கு எழுத்துல வேணும். கையெழுத்துப் போட்டவங்க மறுத்து எழுதித் தரட்டும். இல்ல, அந்தத் தாள் யார் கையால கம்பனிக்குப் போச்சோ, அந்த ஆள் எழுதித் தரட்டும். ரெண்டு மணிக்குள்ள."

"ரெண்டு மணிக்கு மேல தந்தா?"

"அனுமதிக்குச் சிபாரிசு பண்ணித்தான் ஆகணும். வேற வழியில்ல எனக்கு."

வெளியே மரத்தடி வாங்குகளில் மேல் டிவிசன் பெண்கள் இருபது, முப்பது பேர் அரை நாள் பெயரை, அந்தக் கூலியை, விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மீனம்மா ஓரத்தில் இருந்தாள். வீரய்யா கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக, தன்னோடு யாரும் இல்லாததைப் பழகிக்கொண்டவர் போல நின்றார்.

ஜோசப்பின் ஷிராணியிடம் வாங்கிய வெள்ளைத் தாளை நீட்டினாள். "இந்த லிஸ்டு பால்குடத்துக்குப் போட்டதுன்னு எழுதியிருக்கேன். எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடுங்க. போதும்."

யாரும் அசையவில்லை. முன்னால் இருந்த கிருஷாந்தி எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. சாமிக்குப் போட்ட கையெழுத்து கல்லுக்குப் போச்சு. கல்லுக்குப் போடுற கையெழுத்து எதுக்குப் போகுமோ? கையெழுத்துப் போடலன்னு சொல்ல இன்னொரு கையெழுத்துப் போடச் சொல்றீங்களே, இது என்னா ஞாயம்?"

"இத நானே உள்ள கொண்டு போய்க் குடுக்கிறேன் கிருஷாந்தி."

"அன்னைக்கும் எழுதினது நம்ம தலைவர்தான்" என்றாள் பின்னால் ஒருத்தி, கேட்டுப் பக்கம் பாராமல்.

ஜோசப்பின் பத்து நிமிஷம் பேசினாள். கெஞ்சினாள். ஒரு கட்டத்தில் கத்தியும் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் யாருடைய பேச்சையும் மாற்றிச் சொல்லத் தெரிந்தவளுக்கு, இந்தப் பெண்களிடம் தன் பேச்சைச் சொல்ல முடியவில்லை. அவர்கள் சொல்வதில் பிழையும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மணி பன்னிரண்டே முக்கால்.

வினோஜன் ஒரு வடையை இரண்டாகப் பிய்த்தான். "பசியில மூளை ஓடாதுக்கா. இந்தாங்க. உபயம்."

"என்னா சொன்ன?"

"உபயம். நான் குடுக்கிறேன். சேலை மாதிரி."

ஜோசப்பின் வடையை வாங்கவில்லை. "வினோஜன், தோட்டத்து ஆளு ஒருத்தன் பால்குடத்துக்குச் சேலை எடுக்கிறான். எத்தன எடுப்பான்?"

"பொம்பளைங்களை எண்ணி எடுப்பான். அம்பத்தெட்டு."

"சின்னராசாவுக்கு எடுப்பானா?"

"அவன் தோளப் பாத்த எவனும் எடுக்க…" அவன் வாயில் வடை நின்றது. "அறுபத்தொண்ணு எடுத்தவன் ஆளுங்களப் பாத்ததே இல்ல! லிஸ்டுல வரியத்தான் எண்ணியிருக்கான்."

"சின்னராசா ஆணா பொண்ணான்னு தெரியாத இடத்துக்கு அந்த லிஸ்டு போயிருக்கு. அங்க இருந்து சேலை வந்திருக்கு. கம்பனி பேரைச் சொல்லி இல்ல, உபயம்னு. தாளைச் சுவத்துல இருந்து கிழிச்சுக் குடுத்த ஆளு மூலமாத்தான் சேலையும் வந்திருக்கணும்." அவள் போனை எடுத்துச் சின்னராசாவைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னைக்குப் பேர் வாசிச்சது யாரு?"

பதிலைக் கேட்டுவிட்டு போனை மெதுவாக மடியில் வைத்தாள்.

"யாருக்கா?"

"நமக்கு லீக்ஸ் குடுத்தவ."

மீனம்மாவை ஆட்டோவுக்குக் கூப்பிட்டபோது ஜோசப்பினின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னாலேயே அழுதாள்.

"கம்பனி நோனா ஒருத்தி வந்தாங்க மிஸ். நல்லாத் தமிழ் பேசினாங்க. பால்குடத்துக்குப் போற எல்லாருக்கும் சேலை எடுத்துத் தர்றேன், பேரைச் சொல்ல வேணாம், சாமி காரியம்னாங்க. லிஸ்டைக் கேட்டாங்க. கோயில் சுவத்துல இருந்து எடுத்தேன். கையில காப்பு இருந்துச்சு, நான் தாண்டக்கூட இல்ல. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னே நீட்டினேன். பத்தொம்பதாந் திகதி. பேர் வாசிக்க எனக்கு ஒரு போட்டோ கொப்பி குடுத்தாங்க. அசலை அவங்களே வச்சுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"எங்க வீட்டுல ஒரு நல்ல சேலை இல்ல மிஸ். யாரு வீட்டுலயும் இல்ல. கிழிஞ்ச சேலையோட அம்மன் முன்னால நிக்காம ஒரு வருசமாவது…" தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கம்பனிக் கடுதாசி வந்த அன்னைக்கே எனக்கு விளங்கிருச்சு. சொல்லலாம்னு போனேன். அதுக்குள்ள அண்ணன் கதவுல சாணி அடிச்சுட்டாங்க. அது என் கதவுல விழும்னு பயம். அதான் ஒங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க கம்பனியப் பிடிச்சிருவீங்க, நடுவுல நான் தெரிய மாட்டேன்னு நெனச்சேன்."

"அவர் செய்யலன்னு ஒனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்னு நான் மொத நாளே கேட்டிருக்கணும்" என்றாள் ஜோசப்பின். கோபம் மீனம்மா மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. "தோட்டமே ஒரு பக்கம் பேசுறப்போ நீ மட்டும் மறுபக்கம் பேசின. ஆதாரமே இல்லாம. நான் அத நல்ல மனசுன்னு எடுத்துக்கிட்டேன்."

வினோஜன் மீதி வடையைத் தாளில் சுற்றி வைத்தான். வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக் குடு மீனம்மா. ஒன் ஒரு கையெழுத்துப் போதும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சு போகுமே."

"தெரியும். மறைச்சுத் தர்றேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இப்ப ஒண்ணு இருபது. நாப்பது நிமிசத்துல ஒன் வீடும் அவங்க வீடும் போகும்."

மீனம்மா கையை விரித்துப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் கொழுந்துக் கறை. அப்புறம் இறங்கி, யாரையும் பாராமல், கவுன்டருக்கு நடந்தாள்.

அவள் சொல்லச் சொல்ல ஷிராணி எழுதினாள். பாலம், காப்பு, சேலை, போட்டோ கொப்பி. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மீனம்மா கையெழுத்துப் போட்டாள். இந்த முறை தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் விழுந்தது. உதவிச் செயலாளர் முத்திரை குத்தினார்.

கம்பனி லோயர் வாசித்தார். புன்னகை மாறாமல், தன் கட்சிக்காரர் இதை ஆராய அவகாசம் வேண்டும் என்றார். கொடுக்கப்பட்டது. அனுமதி இல்லை, நிராகரிப்பும் இல்லை. விசாரணை ஒரு மாதம் தள்ளிவைப்பு. அடுத்த தவணையில் மீனம்மாவின் வாக்குமூலம் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும்.

"அவ்வளவுதானா?" என்றான் வினோஜன். "கையும் களவுமாப் பிடிச்சுக் குடுத்தும், திருடனுக்கு ஒரு மாசம் லீவா?"

"ஆளுங்களுக்கும் ஒரு மாசம் வீடு இருக்கு. அதையும் எண்ணிக்க."

கேட்டில் வீரய்யா காத்திருந்தார். லோயரின் ஜீப் அவருக்குச் சேறடித்துவிட்டுப் போனது. பெண்கள் அவரைத் தொடாமல், விலகிச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். கடைசியாக மீனம்மா வந்தாள்.

"என்னாச்சு தங்கச்சி?"

மீனம்மா நின்றாள். வாயைத் திறந்தாள். பத்தடிக்கு இந்தப் பக்கம் ஜோசப்பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மாசம் தள்ளி வச்சிருக்காங்கண்ணே" என்றாள் மீனம்மா.

"அப்பாடா. அது போதும். நீயாவது என்னை நம்பின. ஒன்ன மறக்க மாட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓடிப் போய் பஸ்ஸில் ஏறினாள். பஸ் புறப்பட்டது. அதில் இடமிருந்தும் வீரய்யா ஏறவில்லை. காலியான வெள்ளைக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நகரத்துக் குழாயைத் தேடி நடந்தார்.

"நாம போய்ச் சொல்லிருவோமாக்கா?"

"அது நம்ம வாயால வரக் கூடாது. ஆட்டோவ எடு, அது ஏறுற வரைக்கும். அவரு தண்ணிக் கேனையாவது மேல கொண்டு போய்ச் சேப்போம்."

செயலகத்துக் கோப்பில் எல்லாம் பதிந்துவிட்டது. அடுத்த மாதம் அதிகாரி அதைச் சத்தமாக வாசிப்பார். அதற்கு முன்னால் மீனம்மாவாகவே போய், சாணி காய்ந்த அந்தக் கதவைத் தட்டினால் உண்டு. மீனம்மா வீரய்யாவுக்கு ஒரு மன்னிப்புப் பாக்கி.